ஆண் பிள்ளைக்கு அரபுப் பெயர். நடுவில் என்ன வைப்பது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சென்னை மண்ணடியில் விண்ணப்பப் படிவங்கள் நிரப்பித் தரும் கடை வைத்திருக்கிறேன். பிறப்புச் சான்றிதழில் பெயர் சேர்ப்பது, குழந்தைக்கு ஆதார், பாஸ்போர்ட் என்று வருகிறவர்கள் எல்லாம் ஏறக்குறைய ஒரே சந்தேகங்களைத்தான் கேட்கிறார்கள். அதிலும் ஆண் பிள்ளையின் பெயரில் நடுவே என்ன வருவது என்பதற்கே பாதி நேரம் போய்விடுகிறது. வரிசையில் நிற்பவர்கள் பொறுமை இழக்கிறார்கள். அதனால் எழுதியே வைத்துவிட்டேன்.

நான் ஆலிம் (மார்க்க அறிஞர்) அல்ல. மார்க்கம் பற்றிய இடங்களில் ஆலிம்களான ஹஜ்ரத்மார்களிடம் கேட்டுத் தெரிந்துகொண்டதைச் சொல்கிறேன். படிவம் பற்றிய இடங்களில் என் தொழில் பேசும். பெண் பிள்ளைகளுக்குப் பீவி, பேகம், பானு, பாத்திமா என்று வேறு கணக்கு இருக்கிறது; அது இங்கே இல்லை.

படிவத்தில் நடுப்பெயர் என்று கேட்கிறார்கள். நமக்கு அப்படி ஒன்று உண்டா?

வழக்கத்தில் கிடையாது. தமிழ் முஸ்லிம் வீடுகளில் பிள்ளைக்கு ஒரு பெயர், அதன் முன்னால் தந்தையின் இனிஷியல், அவ்வளவுதான். சில குடும்பங்களில் பாட்டனார், முப்பாட்டனார் எழுத்துகளும் சேரும். ஏ.பி.ஜே. அப்துல் கலாமின் மூன்று எழுத்துகளும் ஆவுல், பக்கீர், ஜைனுலாப்தீன் என்ற முன்னோர் பெயர்கள்; ஜைனுலாப்தீன் அவருடைய தந்தை. அரபு நாட்டு முறையும் இதே சங்கிலிதான், திசை மட்டும் எதிர். அங்கே பிள்ளையின் பெயர் முதலில், அதன் பின் தந்தை, அதன் பின் பாட்டனார்.

முதல், நடு, கடைசி என்ற மூன்று கட்டங்கள் வேறு யாருக்கோ அளவெடுத்துத் தைத்த சட்டை. இந்தியாவிலேயே எல்லா இடத்திலும் அது கிடையாது. பிறப்புச் சான்றிதழிலும் ஆதாரிலும் பெயருக்கு ஒரே வரி. பாஸ்போர்ட்டில் இரண்டு கட்டங்கள். பான் விண்ணப்பத்தில்தான் மூன்றும் தனித்தனியாக வரும். ஆகவே இந்தப் பக்கத்தில் நடுப்பெயர் என்று நான் சொல்வது, பிள்ளைக்கென்று வைக்கும் இரண்டு பெயர்களில் நாம் கூப்பிடாத பெயரை. அது முன்னாலும் நிற்கலாம், பின்னாலும் நிற்கலாம்.

அப்படியானால் ஒற்றைப் பெயரே போதாதா? எதற்கு இந்த வம்பு?

உள்ளூரில் போதும். கடல் தாண்டினால் சிக்கல். 2022 நவம்பர் 21 முதல் ஐக்கிய அரபு அமீரகம், பாஸ்போர்ட்டில் ஒரே ஒரு பெயர் மட்டும் உள்ளவர்கள் சுற்றுலா, வருகை விசாக்களில் உள்ளே வர முடியாது என்று அறிவித்தது. பாஸ்போர்ட்டின் இன்னொரு பக்கத்தில் தந்தை பெயரோ குடும்பப் பெயரோ இருந்தால் ஏற்றுக்கொள்ளப்படும் என்று சில நாட்களிலேயே தளர்த்தினார்கள். ஆனாலும் அந்த வாரத்தில் கடைக்கு வந்தவர்களின் முகங்களை மறக்க முடியாது. அமெரிக்க விசாவில் ஒற்றைப் பெயர்க்காரர்களுக்கு முதற்பெயர் இருக்க வேண்டிய இடத்தில் 'எஃப்.என்.யூ.' என்று அச்சாகும். முதற்பெயர் தெரியாது என்பதன் சுருக்கம். அங்கே போய் வங்கிக் கணக்கிலும் ஓட்டுநர் உரிமத்திலும் அதுவே பிள்ளையின் பெயராக ஒட்டிக்கொள்ளும்.

ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். இந்தச் சிக்கலுக்கு மருந்து நடுப்பெயர் அல்ல, தந்தை பெயரை முழுதாகக் கடைசியில் போடுவது. நடுப்பெயர் கட்டாயம் இல்லை. வீட்டுக்கு வேண்டுமென்றால் வைத்துக்கொள்ளலாம். பல வீடுகளுக்கு அது ஏன் வேண்டியிருக்கிறது என்பது கீழே பாட்டனார் கேள்வியில் வரும்.

முன்னால் முகமது என்று போடத்தான் போகிறோம். அதுவே நடுப்பெயர் ஆகிவிடாதா?

ஆகும். நான் சொன்ன 'கூப்பிடாத பெயர்' என்பதற்கு அதைவிடப் பொருத்தமான உதாரணம் இல்லை. முகமது ஆஷிக் என்று வைத்துவிட்டு வீட்டில் எல்லோரும் ஆஷிக் என்றுதான் அழைப்பார்கள். பரக்கத்துக்காக, அதாவது அருள் வேண்டி, நபிகளின் பெயர் முன்னால் நிற்கிறது. தமிழ்நாட்டில் இது யாருக்கும் குழப்பம் தருவதில்லை.

குழப்பம் வளைகுடாவில் தொடங்கும். அங்கே முதலில் நிற்பதுதான் ஆளின் பெயர். அதனால் ஒரே அறையில் தங்கியிருக்கும் நம் பிள்ளைகள் நான்கு பேரும் அலுவலகத்தில் 'முகமது' ஆகிவிடுவார்கள். சரி, திருப்பி ஆஷிக் முகமது என்று வைக்கலாமே என்றால், தந்தை பெயர் ஜமால் என்று வைத்துக்கொள்ளுங்கள், ஆஷிக் முகமது ஜமால் என்பதை அரபு முறையில் படிப்பவர் முகமதின் மகன் ஆஷிக், ஜமாலின் பேரன் என்று எடுத்துக்கொள்வார். பெற்ற தந்தை ஒரே நொடியில் பாட்டனார் ஆகிவிடுவார்! இரண்டில் எது தொந்தரவு குறைவு என்று கேட்டால், முகமது பின்னால் நிற்பதையே சொல்வேன். பிள்ளையைப் பிள்ளையின் பெயரால் கூப்பிடுவார்களே. முன்னால்தான் வேண்டும் என்பவர்களும் வைக்கலாம். அவன் பெரியவனானதும் எதற்கெல்லாம் திரும்பிப் பார்க்க வேண்டியிருக்கும் என்பதை மட்டும் யோசித்துக்கொள்ளுங்கள்.

முகமது என்பதை ஆங்கிலத்தில் எப்படி எழுதுவது? ஆளுக்கு ஒரு விதமாக எழுதுகிறார்களே?

எம்முக்குப் பின்னால் ஓ அல்லது யூ, நடுவில் ஓர் எம் அல்லது இரண்டு, கடைசியில் ஏ-டி அல்லது இ-டி. இவற்றைக் கலந்தால் எத்தனை வருமோ அத்தனையும் என் கடைக்கு வந்துவிட்டன. எதுவும் தவறில்லை. தந்தையின் பெயரிலும் முகமது இருந்தால் அவருடைய பாஸ்போர்ட்டில் உள்ள அதே எழுத்துகளைப் பிள்ளைக்கும் வையுங்கள். நாளை குடும்ப விசாவுக்குத் தந்தையும் மகனும் ஒன்றாக விண்ணப்பிக்கும்போது ஒரு கேள்வி குறையும்.

ஒன்றே ஒன்று வேண்டாம்: 'எம்-ஓ-எச்-டி' என்ற சுருக்கம். பள்ளியில் யாரோ ஒருவர் அப்படி எழுதிவிடுவார், ஆதாரில் விரிவாக இருக்கும், பிறகு இரண்டும் ஒரே ஆள்தான் என்று உறுதிமொழிப் பத்திரம் எழுதிக்கொண்டு திரிய வேண்டும். வெறும் எம். என்று இனிஷியலாகப் போடுவதும் இப்படித்தான். பாஸ்போர்ட் விண்ணப்பத்தில் இனிஷியல் ஏற்க மாட்டார்கள்.

இரண்டு பாட்டனார்களும் தங்கள் பெயரைத்தான் வைக்க வேண்டும் என்கிறார்கள். யார் பெயரை எங்கே வைப்பது?

எனக்கு அதிகம் வரும் கேள்வி இதுதான். முதலில் ஒரு நல்ல செய்தி: முன்னோர் பெயரை வைப்பதில் மார்க்கத்தில் தடை ஏதும் இல்லை. நபிகளுக்கு மகன் பிறந்தபோது, என் தந்தை இப்ராஹிமின் பெயரை வைத்தேன் என்று சொன்ன செய்தி சஹீஹ் முஸ்லிம் என்ற நபிமொழித் தொகுப்பில் இருக்கிறது.

தடை வருவது வீட்டுக்குள்தான். மாமனார் பெயர் காதர் என்றால், மருமகள் பிள்ளையை எப்படிக் கூப்பிடுவாள்? சோறு சிந்தினால் எப்படித் திட்டுவாள்? பெரியவர் கூடத்தில் நாற்காலியில் உட்கார்ந்திருக்கும்போது அவர் பெயரைச் சொல்லி அடிக்கக் கை ஓங்க முடியுமா? கணவர் பெயரைச் சொல்லிப் பழகாத மாமியாருக்கோ பேரனைக் கூப்பிடுவதே சங்கடம். அதனால்தான் அந்தக் காலத்தில் பாட்டனார் பெயர் தாங்கிய பிள்ளைகளுக்கெல்லாம் ராசா, தம்பி, சின்னவர் என்று வேறு பெயர் நிலைத்துப்போனது. பாட்டனார் பெயரை நடுவில் வைத்தால் மரியாதையும் நிற்கும், திட்டும் அவர்மேல் விழாது. நடுப்பெயருக்கு நம் வீடுகளில் உண்மையான வேலை இதுதான் என்பது என் எண்ணம்.

இரண்டு பாட்டனார் பெயரையும் சேர்த்துவிடலாம் என்று மட்டும் நினைக்காதீர்கள். ஒரு நாள் இரண்டு சம்பந்திகளும் சேர்ந்தே கடைக்கு வந்தார்கள். ஒருவர் டைரித் தாளில் பச்சை மையில் அழகாக எழுதி வந்தார். இன்னொருவர் எதுவும் பேசவில்லை. தன் ஆதார் அட்டையை எடுத்து மேசைமேல் வைத்து, "இதில் இருக்கிறபடியே" என்றார். இரண்டு பெயரும் ஆளுக்கு இரண்டு சொல். பாஸ்போர்ட்டின் அடியில் இயந்திரம் படிப்பதற்காக அச்சாகும் வரியில் பெயருக்கு 39 இடங்கள்தான் உண்டு. இடைவெளிக்கும் இடம் போகும். திரையில் எழுத்து எழுத்தாக எண்ணிக் காட்டினேன். அந்த வரியில் தந்தையின் பெயர் முதலில், பிறகு பிள்ளையின் சொந்தப் பெயர் என்று வந்ததும், கடைசியில் நின்ற பாட்டனாரின் பெயர் பாதியில் அறுந்து நின்றது. கடைசியில் பச்சை மைக்காரர் விட்டுக்கொடுத்து, "அடுத்த பிள்ளைக்கு என் பெயர்" என்றார். பக்கத்தில் நின்ற பிள்ளையின் தந்தை அதற்குத்தான் அதிர்ந்தார்.

அப்துல் என்பதை நடுப்பெயராக வைக்கலாமா?

தனியாகக் கூடாது. அது பாதிச் சொல். 'இன்னாரின் அடியான்' என்பதில் 'இன்னாரின்' மட்டும் காணாமல் போனால் எப்படியோ அப்படி. அதன் பின்னால் அல்லாஹ்வின் பெயர்களில் ஒன்று வர வேண்டும்: அப்துல் காதர், அப்துல் அஜீஸ், அப்துல் கரீம். அப்துல் ஆஷிக் என்றெல்லாம் எழுதிக்கொண்டு வருகிறவர்களை நான் ஹஜ்ரத்திடம் திருப்பி அனுப்புகிறேன். அப்துல் நபி, அப்துல் ரசூல் போன்றவற்றையும் பல ஆலிம்கள் தவிர்க்கச் சொல்கிறார்கள். அடிமைத்தனம் இறைவனுக்கு மட்டுமே என்பது காரணம்.

முழுப் பெயராக வைப்பது மிக நல்லது. அல்லாஹ்வுக்கு மிக விருப்பமான பெயர்கள் அப்துல்லாஹ், அப்துர் ரஹ்மான் என்று நபிமொழி இருக்கிறது. ஆனால் படிவத்தில் இந்தப் பெயர்கள் படும் பாடு பெரிது. இடைவெளி விட்டு எழுதியதும், நிரப்புகிறவர் அப்துல் முதற்பெயர், ரஹ்மான் கடைப்பெயர் என்று இரண்டு கட்டத்தில் பிரித்துவிடுகிறார். விமான நிலையத்தில் 'மிஸ்டர் ரஹ்மான்' என்று அழைப்பு வரும். நாட்டின் குடியரசுத் தலைவரையே நாம் எல்லோரும் கலாம் என்றுதானே சொன்னோம்? பிரியாமல் இருக்க ஒரே வழி, ஆங்கிலத்தில் இடைவெளி இல்லாமல் ஒரே சொல்லாகச் சேர்த்து எழுதுவது. பிறப்புச் சான்றிதழிலேயே அப்படி எழுதிவிடுங்கள். அதன் பிறகு யார் வந்தாலும் பிரிக்க முடியாது.

அப்துல் இல்லாமல் ரஹ்மான், கரீம், ஸமத் என்று நடுவில் வைத்தால் குற்றமா?

எல்லாம் ஒரே வகை அல்ல என்கிறார்கள் ஆலிம்கள். ரஹ்மான், காலிக், ஸமத், குத்தூஸ் போன்றவை இறைவனுக்கு மட்டுமே உரியவை. முன்னால் அப்துல் இல்லாமல் மனிதனுக்கு ஆகாது. கரீம், ரஹீம், ரஷீத், அலீ போன்றவை மனிதருக்கும் பொருந்தும். குர்ஆன் 9:128 வசனம் நபிகளையே ரஹீம் என்று குறிப்பிடுகிறது. ஆகவே ஆஷிக் கரீம் சரி, ஆஷிக் ஸமத் வேண்டாம். பட்டியலில் எது எந்தப் பக்கம் என்று சந்தேகம் வந்தால் உங்கள் பள்ளிவாசல் இமாமைக் கேளுங்கள், அலைபேசியைக் கேட்காதீர்கள்.

இணையத்தில் பொருள் பார்த்துத்தான் தேர்ந்தெடுத்தோம். அதை நம்பலாமா?

பாதி நம்பலாம். ரய்யான் போன்றவை சரியாக இருக்கும். நோன்பாளிகள் நுழையும் சொர்க்க வாசலின் பெயர் என்பது நபிமொழியில் உள்ளது. ஆனால் ஒலி இனிமையாக இருக்கிறதே என்று யாரோ உருவாக்கிய பெயருக்கும் 'அரபுப் பெயர், பொருள்: வீரன்' என்று போட்டுவிடுகிறார்கள். அத்தனை ஆண் பெயர்களுக்கும் பொருள் வீரன் அல்லது ஒளி என்றால் எனக்குச் சந்தேகம் வந்துவிடும். அரபு தெரிந்த ஒருவரிடம் பெயரை வாயால் சொல்லிக் காட்டுங்கள். அரபு எழுத்தில் அவரால் எழுத முடியவில்லை என்றால் அது அரபுப் பெயர் அல்ல.

தீன் என்று முடியும் பெயரை நடுவில் வைத்தால் பிரித்து எழுத வேண்டுமா?

சேர்த்தே எழுதுங்கள். சலாஹுத்தீன், நிஜாமுத்தீன், ஷம்சுத்தீன் எல்லாம் இரண்டு சொல் கூடி ஒன்றானவை. அப்துல் பற்றிச் சொன்ன அதே காரணம்: இடைவெளி விட்டால் தீன் கழன்றுபோய்க் கடைப்பெயர் ஆகிவிடும். பிறகு பிள்ளைக்குத் 'தீன்' என்ற பெயரில் சம்பளச் சீட்டு வரும்.

நாகூரில் நேர்ந்துகொண்டு பிறந்த பிள்ளை. ஆனால் தர்கா பெயர் வேண்டாம் என்கிறார் என் மச்சான். என்ன செய்வது?

இந்தச் சண்டை பெயரைப் பற்றியது அல்ல, நேர்ச்சையைப் பற்றியது. அதை நான் தீர்க்க முடியாது. ஆலிம்களே இரண்டு பக்கமும் இருக்கிறார்கள். பெயர்களை மட்டும் பார்த்தால் ஹமீது, முகைதீன், அப்துல் காதர் எதிலும் குறை இல்லை. நாகூர் ஆண்டவரின் பெயர் சாகுல் ஹமீது. முகைதீன், அப்துல் காதர் இரண்டும் பாக்தாதில் அடங்கியிருக்கும் இறைநேசர் ஜீலானியுடையவை. சென்னைக்காரர்களுக்குத் தமீம் அன்சாரி என்ற பெயர் கோவளம் தர்காவால் பழக்கம். நேர்ச்சை செய்த பெரியம்மாவுக்குப் பெயர் இருந்தால் போதும், எதிர்க்கும் மச்சானுக்கு அதைச் சொல்லிக் கூப்பிடாமல் இருந்தால் போதும் என்றால், நடுவில் இடம் காலியாகத்தானே இருக்கிறது? பல வீடுகள் இப்படித்தான் சமாதானமாகியிருக்கின்றன.

தமிழ்ப் பெயரை நடுவில் வைக்கலாமா? என் மனைவி வீட்டார் ஆசைப்படுகிறார்கள்.

வைக்கலாம். பெயருக்கு மார்க்கம் கேட்பது நல்ல பொருள். அரபு மொழிதான் வேண்டும் என்று கட்டாயம் இல்லை என்றே நான் கேட்ட ஆலிம்கள் சொன்னார்கள். இப்ராஹிம், மூசா, ஈசா எல்லாம் அரபு பிறப்பில்லாத பெயர்களே. உமர், உஸ்மான், அலீ ஆகியோர் இஸ்லாத்துக்கு வருமுன் இருந்த பெயர்களோடுதான் பின்னும் வாழ்ந்தார்கள். அன்பு, அறிவு, ஒளி, நிலவு, கடல் என்று பொருள் தரும் பெயர்கள் எத்தனையோ தமிழில் கிடக்கின்றன. வேறு சமயத்தின் தெய்வப் பெயராக இல்லாமல் இருந்தால் சரி. கதிர், எழில், அன்பன், நிலவன் போல மூன்று நான்கு எழுத்தில் முடிந்தால் இன்னும் நல்லது. 39 இடத்தையும் மறக்க வேண்டாம்.

ழகரம் உள்ள பெயர் என்றால் கொஞ்சம் யோசியுங்கள். எழிலை ஆங்கிலத்தில் எழுதி, துபாயில் ஒருவர் படித்து, அதை அரபில் எழுதி, திரும்ப யாரோ ஆங்கிலத்துக்குக் கொண்டு வந்தால் என்ன ஆகும் என்று சொல்லவே முடியாது. கூப்பிடாத பெயர்தானே, பாதகமில்லை என்றும் சொல்லலாம். அது உங்கள் துணிச்சல்.

மரைக்காயர், ராவுத்தர், லெப்பை என்ற குடும்பப் பெயர்களை நடுவில் போடுவதா, கடைசியிலா?

போட விரும்பினால் கடைசியில். ஆனால் அங்கே தந்தை பெயர் உட்கார வேண்டும் என்று மேலே சொல்லியிருக்கிறேன். இரண்டையும் போட்டால் நீளம். தந்தையின் பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் ஏற்கெனவே கடைப்பெயராக இருந்தால் பிள்ளைக்கும் அதையே தொடருங்கள். இல்லாவிட்டால் புதிதாகத் தொடங்க வேண்டாம். திருவல்லிக்கேணி, ராயப்பேட்டைப் பக்கம் உருது பேசும் வீடுகளில் ஷேக், சையத் முன்னாலும், பாஷா, ஷரீப், கான் பின்னாலும் வரும். அவர்களுக்கு இந்தக் கேள்வி வருவதில்லை.

தமிழில் ஸ, ஹ, ஃ எல்லாம் போட்டு எழுத வேண்டுமா?

ஃபைஸல், பைசல் இரண்டும் ஒரே பிள்ளைதான். ஆனால் தமிழ்நாட்டுச் சான்றிதழ்களில் தமிழிலும் பெயர் வரும் என்பதால் ஒரே முறையை முதலிலேயே தேர்ந்தெடுத்துக்கொள்ளுங்கள். நான் எழுத எளிதானதைத்தான் சொல்வேன். ஐந்து வயதில் தன் பெயரைத் தானே எழுதப் போகிறவன் அவன்.

எண் கணிதம் பார்த்தவர் நடுப்பெயரில் இன்னொரு 'ஏ' சேர்க்கச் சொன்னார். சேர்க்கலாமா?

அந்த 'ஏ' ஆதாரில் இருக்கும், பள்ளிச் சான்றிதழில் விடுபடும், பாஸ்போர்ட்டில் மறுபடி வரும். அதிர்ஷ்டம் யாருக்கு என்று கேட்டால் எனக்குத்தான். திருத்தல் விண்ணப்பங்கள் என் கடையில்தான் நிரப்பப்படும்.

குழந்தை பிறந்து மூன்று நாள். ஆஸ்பத்திரியில் இப்போதே பெயர் கேட்கிறார்கள். அகீகா (பிள்ளைக்காக ஆடு அறுத்துக் கொடுப்பது) வரை பொறுக்க முடியாதா?

தாராளமாகப் பொறுக்கலாம். பிறப்பை 21 நாட்களுக்குள் பதிவு செய்ய வேண்டும் என்பதுதான் சட்டம். பெயரோடு பதிய வேண்டும் என்பது அல்ல. பெயர் இல்லாமல் பதிந்துவிட்டு, 12 மாதங்களுக்குள் கட்டணமின்றிச் சேர்க்கலாம். அதன் பின்னும் 15 ஆண்டுகள் வரை தாமதக் கட்டணத்துடன் சேர்க்க வழி உண்டு. ஆனால் அவ்வளவு ஆறப்போடாதீர்கள். 2023 அக்டோபர் 1 முதல் பிறந்தவர்களுக்குப் பள்ளிச் சேர்க்கை, பாஸ்போர்ட், ஓட்டுநர் உரிமம் எல்லாவற்றுக்கும் பிறந்த தேதிக்கான ஆதாரம் பிறப்புச் சான்றிதழ்தான். முன்பு போல வேறு தாளைக் காட்டிச் சமாளிக்க முடியாது.

மார்க்கத்தில் ஏழாம் நாள் அகீகா கொடுத்து, முடி இறக்கி, பெயர் வைப்பது சுன்னத், அதாவது நபிவழி. பிறந்த அன்றே வைப்பதற்கும் ஆதாரம் உண்டு. மேலே சொன்ன இப்ராஹிம் பெயர் பிறந்த இரவே வைக்கப்பட்டதுதான். ஏழு நாளுக்கும் 21 நாளுக்கும் இடையில் இரண்டு வாரம் இருக்கிறது. ஆஸ்பத்திரியில் அவசரப்படுத்தினால் பெயரைக் காலியாக விடச் சொல்லுங்கள். பிரசவ அறை வாசலில் நின்றுகொண்டு, வந்த தாளில் கிறுக்கிக் கொடுத்த பெயர்தான் பிற்பாடு என் மேசைக்குத் திருத்தலாக வருகிறது.

காதில் ஓதிய பெயரும் சான்றிதழில் உள்ள பெயரும் வேறாக இருக்கலாமா?

நடுப்பெயர் மட்டும் கூடுதலாகவோ குறைவாகவோ இருந்தால் ஒன்றும் ஆகாது. ஆனால் ஓதியது அப்துல் காதர், எழுதியது அயான், கூப்பிடுவது அப்பு என்று இருந்தால், பின்னாளில் நிக்காஹ் பதிவேட்டில் எந்தப் பெயரை எழுதுவது என்று ஜமாஅத்தில் கேட்பார்கள். சான்றிதழில் உள்ளதைத்தான் எழுத வேண்டியிருக்கும்.

பாஸ்போர்ட்டில் எந்தக் கட்டத்தில் எதைப் போடுவது?

முதல் கட்டத்தில் பிள்ளைக்கென்று வைத்த எல்லாச் சொற்களும். அந்தக் கட்டத்துக்குக் கீழேயே, முதற்பெயரும் அதைத் தொடர்ந்து நடுப்பெயர் இருந்தால் அதுவும் என்று விளக்கம் இருக்கும். இரண்டாவது கட்டத்தில் தந்தையின் பெயர், இனிஷியலாக இல்லாமல் முழுதாக. தந்தை பெயரே இரண்டு சொல் என்றால் இரண்டையும் போடுங்கள். அதில் பாதியை வெட்டுவதால்தான் பின்னால் கேள்வி வருகிறது.

சிக்கலான ஒன்று: பிறப்புச் சான்றிதழில் தந்தை பெயர் இல்லாமல் ஆஷிக் முகமது என்று மட்டும் இருக்கிறது, பாஸ்போர்ட்டில் கடைப்பெயராக முகமதைப் போட்டுவிடலாமா என்று கேட்கிறார்கள். போடலாம், ஏற்றுக்கொள்வார்கள். ஆனால் தந்தையின் கடைப்பெயர் ஜமால், மகனுடையது முகமது என்று ஆகிவிடும். குடும்பமாகப் பயணம் செய்யும்போது, இவன் உங்கள் மகனா என்ற கேள்வி வந்தால் வருத்தப்படக் கூடாது.

விமான டிக்கெட்டில் நடுப்பெயர்க் கட்டமே இல்லை. விட்டுவிடலாமா?

விடாதீர்கள். பாஸ்போர்ட்டின் முதல் கட்டத்தில் உள்ள அத்தனையையும் டிக்கெட்டின் முதற்பெயர்க் கட்டத்தில் அப்படியே எழுதுங்கள். போர்டிங் பாஸில் எல்லாம் ஒட்டிக்கொண்டு, இடைவெளியே இல்லாமல் ஒரு நீளச் சொல்லாக வரும். பார்க்க விகாரமாக இருக்கும். பயணத்துக்கு ஒன்றும் ஆகாது.

ஏற்கெனவே நடுப்பெயர் இல்லாமல் சான்றிதழ் வாங்கிவிட்டோம். இப்போது சேர்க்க முடியுமா?

பெயர்க் கட்டம் காலியாக இருந்தால்தான் மேலே சொன்ன 12 மாத வழி. ஒரு பெயர் ஏறிவிட்டால், எழுத்துப் பிழையைத் திருத்துவது வேறு, புதுச் சொல்லைச் சேர்ப்பது வேறு. இரண்டாவதற்கு அரசிதழில் பெயர் மாற்றம் வெளியிட்டு, அதைக் கொண்டு மற்ற ஆவணங்களை மாற்ற வேண்டிவரும். ஆதாரில் பெயரை வாழ்நாளில் இரண்டு முறைதான் திருத்த முடியும் என்பதையும் கணக்கில் கொள்ளுங்கள். அதில் ஒன்றைப் பிள்ளை பேசத் தொடங்குமுன்னே செலவழிப்பதா? தந்தை பெயர் முழுதாகச் சேர வேண்டும் என்றால் அலைச்சல் தகும். பாட்டனார் மனம் குளிர மட்டும் என்றால், அவரை வீட்டில் அந்தப் பெயரிட்டே பேரனைக் கூப்பிடச் சொல்லுங்கள். அவர் திட்டப் போவதில்லையே.

இரட்டைப் பிள்ளைகள். இருவருக்கும் ஒரே நடுப்பெயர் வைக்கலாமா? ஹசன், ஹுசைன் என்று முடிவு செய்திருக்கிறோம்.

நபிகளின் பேரர்கள் பெயர்கள், ஆசை நியாயமானது. சிக்கல் எழுத்தில் இருக்கிறது. முகமது ஹசன் ஜமால், முகமது ஹுசைன் ஜமால்: ஒரே பிறந்த தேதி, ஒரே தந்தை, ஒரே முகவரி, முன்னும் பின்னும் ஒரே சொல், நடுவில் இருப்பதற்கும் ஒரே முதல் எழுத்து. தடுப்பூசி அட்டை முதல் மதிப்பெண் பட்டியல் வரை ஒருவனுடையது இன்னொருவன் கோப்பில் போய் உட்காரும். சுருக்கி எழுதுகிற இடத்தில் இருவரும் 'எம். எச். ஜமால்' ஆகிவிடுவார்கள்.

கூப்பிடும் பெயர்களை அப்படியே வைத்துக்கொண்டு, இரண்டாவது பெயரை ஆளுக்கு ஒன்றாகப் பிரித்துக் கொடுங்கள். ஹசன் காதர், ஹுசைன் இப்ராஹிம் என்று ஆளுக்கொரு பாட்டனார். இரண்டு சம்பந்திகள் வழக்கும் அதிலேயே முடிந்துவிடும். யார் மூத்தவன் என்பதற்கு ஆஸ்பத்திரி தரும் டிஸ்சார்ஜ் தாளில் பிறந்த நேரம் இருக்கும். பிறப்புச் சான்றிதழில் அதைத் தேடாதீர்கள். அந்தத் தாளைத் தூக்கிப் போட்டுவிடாமல் இரண்டு நகல் எடுத்து வையுங்கள்.